50 நாள் பள்ளி லீவு, கையில் 15 நாள் விடுப்பு: பட்ஜெட்டை எங்கே தொடங்குவது?

டிசம்பர் லீவு வந்துவிட்டால் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எல்லா அம்மாக்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளைகளை எங்கே விடுகிறீர்கள்?" நானும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் மூன்று வருடம் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசி வாரத்தில் கிடைத்த ஹாலிடே கிளப்பில் சேர்த்துவிட்டு, ஜனவரியில் யூனிஃபார்மும் நோட்டுப் புத்தகமும் வாங்கக் காசில்லாமல் கிரெடிட் கார்டைத் தேய்த்தேன். நான் செய்த தப்பு, முதலில் பணத்தை எண்ணியது. எண்ண வேண்டியது நாட்களை.

எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், வேலைக்குப் போகும் அப்பா அம்மா. இந்தக் குடும்பத்தை வைத்துத்தான் கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். கட்டணமெல்லாம் உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள், உங்கள் பக்கம் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காலண்டர்

2026 அரசுப் பள்ளி நாட்காட்டியை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். (தனியார் பள்ளி என்றால் தேதி வேறு, அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.) சனி, ஞாயிறு, அரசு விடுமுறை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, பள்ளி இல்லாமல் வேலை மட்டும் இருக்கிற நாட்களை வட்டமிடுங்கள். ஜனவரி 14ல் பள்ளி திறப்பதற்குள் 8 நாள். ஈஸ்டரை ஒட்டி 5. ஜூன் 27 முதல் ஜூலை 20 வரையிலான குளிர்கால லீவில் 16. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலுமாக 7. டிசம்பர் 10 முதல் 31 வரை 14. ஆக டெர்ம் லீவுகள் மட்டும் 50 நாள்.

சட்டப்படி வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு வருடத்துக்குக் குறைந்தது 15 வேலை நாள் விடுப்பு. அப்பா அம்மா இருவருக்கும் சேர்த்து 30 வருகிறது, அப்போ 20 நாள்தானே குறைகிறது என்று தோன்றும். அப்படி இல்லை. ஒருவர் வீட்டில் இருக்கும்போது மற்றவர் வேலைக்குப் போனால்தான் அந்த 30 முழுசாக உதவும், அப்படிப் பார்த்தால் வருடம் முழுக்கக் குடும்பமாக ஒரு நாள்கூடச் சேர்ந்து விடுப்பு எடுக்க முடியாது.

அடுத்து கம்பெனி ஷட்டவுன். என் வீட்டுக்காரர் வேலை செய்யும் இடத்தில் டிசம்பர் 16க்குப் பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள், வருடக் கடைசி வரை 10 வேலை நாள் அவருடைய விடுப்பிலிருந்தே போய்விடும். மீதி 5. நான் என் 15ல் நான்கை அவரோடு சேர்ந்து டிசம்பர் கடைசி வாரத்தில் எடுக்கிறேன், 11 தனியாக வருகிறது. அவர் 15, நான் 11, மொத்தம் 26. ஓட்டை 24 நாள்.

அந்த ஓட்டை எங்கே விழுகிறது என்று பாருங்கள். எல்லாரும் டிசம்பருக்கென்று சேர்த்து வைக்கிறோம், ஆனால் ஷட்டவுன் டிசம்பரைப் பாதிக்கு மேல் அடைத்துவிடுகிறது. பெரிய ஓட்டை ஜூலையில் இருக்கிறது. இதை நான் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆனது!

குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு 3 நாள் உண்டே என்று சிலர் கேட்பார்கள். அது பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போவது போன்ற காரியங்களுக்கு, பள்ளி லீவுக்குச் செல்லாது. அதைத் தொடாமல் வைத்திருங்கள், காய்ச்சல் நாள் பார்த்து வராது.

பணம் இல்லாமல் எத்தனை நாள் அடைக்கலாம்?

ஆயா இருக்கும் வீடு கொடுத்து வைத்த வீடு. (தமிழ்நாட்டில் ஆயா என்றால் பலர் வேலைக்காரம்மா என்று நினைப்பார்கள், இங்கே பாட்டியைத்தான் சொல்கிறோம்.) ஆனால் "ஆயா பார்த்துக்கொள்வார்" என்று 24 நாளையும் அவர் தலையில் கட்டாதீர்கள். எங்கள் மாமியாரிடம் வருடத்துக்கு 6 நாள்தான் கேட்பேன், தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவேன், போகும்போது பாலும் ரொட்டியும் பழமும் வாங்கிக் கொடுப்பேன். பட்ஜெட்டில் அதற்கு ஒரு நாளைக்கு 100 ரேண்ட் என்று எழுதுங்கள். ஆயா வாங்க மாட்டேன் என்பார், நீங்கள் எழுதுங்கள்.

அப்புறம் முறை வைத்துப் பார்ப்பது. எனக்கு இதில்தான் நிறைய மிச்சமானது. நம்பிக்கையான நாலு குடும்பம் சேருங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் விடுப்பிலிருந்து 2 நாள் கொடுத்தால் 8 நாள் எல்லார் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். என் 2 நாளை ஏற்கெனவே 11ல் எண்ணியாயிற்று, ஆக எனக்குப் புதிதாக 6 நாள். இரண்டு நாள் கொடுத்து எட்டு நாள் வாங்குகிற வியாபாரம் வேறெங்கே நடக்கும்?

நடத்துவதில் சில கறார் வேண்டும். சாப்பாடு அவரவர் டப்பாவில். மருந்து, அலர்ஜி விவரம் ஒரு தாளில். யார் எத்தனை நாள் பார்த்தார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம். இந்த நோட்டு இல்லாமல் முதல் வருடம் ஆரம்பித்தோம், ஆகஸ்டில் இரண்டு அம்மாக்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

என் முறை வந்த நாளில் ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிட்டி ஹாலில் இருக்கும் இயற்கை அறிவியல் அருங்காட்சியகத்துக்குப் போனேன். நுழைவு இலவசம். பொட்டானிக் கார்டனும் இலவசம்தான். சாப்பாட்டு டப்பா எல்லாம் மறந்துபோய், பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது) கடையில் மூன்று கால் ரொட்டி பீன்ஸ் பன்னி வாங்கி ரொட்டியைப் பிய்த்துப் பங்கு போட்டேன், கடைசியில் குழம்பு என் கைப்பையில். இந்த மாதிரி நாளுக்கு 200 ரேண்ட் ஒதுக்குங்கள், இரண்டு நாளுக்கு 400.

மீதி 12 நாளுக்குத்தான் கட்டணம்

24ல் ஆயா 6, முறை 6 போக 12. இதற்கு இரண்டு வழி இருக்கிறது.

ஹாலிடே கிளப் அல்லது ஆஃப்டர்கேர் கேம்ப்: ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 200 ரேண்ட் என்று வையுங்கள், இருவருக்கு 400, 12 நாளுக்கு 4,800. போக்குவரத்து, கூடுதல் தீனி என்று நாளுக்கு இன்னொரு 60, அது 720. காசு கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்கு முடியும், தாமதமானால் எவ்வளவு, பிள்ளை வராத நாளுக்குப் பணம் திரும்புமா? ஒரு இடத்தில் "முழு நாள்" என்று போட்டிருந்ததை நம்பிச் சேர்த்தேன், மதியம் ஒரு மணிக்கு ஃபோன் வருகிறது, கேட் பூட்டப் போகிறோம் என்று. எனக்கு வேலை நாலரைக்கு முடியும். அந்த வாரம் தாமதக் கட்டணம் மட்டும் கேம்ப் கட்டணத்தில் பாதி.

இன்னொன்று, வீட்டுக்கு ஓர் ஆன்ட்டியை வரவழைப்பது. இதற்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும். 2025 மார்ச்சில் மணிக்கு 28.79 ரேண்ட் ஆக்கினார்கள், வழக்கமாக ஒவ்வொரு மார்ச்சிலும் கூட்டுவார்கள், அதனால் கணக்குக்கு 31 என்று போடுங்கள். ஒன்பது மணி நேரத்துக்கு 279. இரண்டு மணி நேரம் மட்டும் வரச் சொன்னாலும் நாலு மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். மாதத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் யுஐஎஃப்பில் (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பதிவு செய்து கூலியில் நீங்கள் 1%, அவர் 1% கட்ட வேண்டும். டாக்ஸிக் காசும் சாப்பாடும் தனி. "சும்மா ஏதாவது கொடுத்தால் போதும்" என்று சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஒரு பிள்ளை என்றால் கேம்ப் மலிவு, இரண்டு மூன்று இருந்தால் ஆன்ட்டி மலிவு. எனக்குத் தெரிந்தும் நான் கேம்ப்தான் போட்டேன், பெரியவன் வீட்டில் இருந்தால் நாள் முழுக்க டிவிதான்.

கூட்டிப் பிரிப்போம்

கேம்ப் 4,800, போக்குவரத்தும் தீனியும் 720, ஆயா 600, நம் முறை நாட்கள் 400. மொத்தம் 6,520. எதிர்பாராததற்கு 10% சேர்த்தால் ஏறக்குறைய 7,200. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 600. இந்தச் செலவை வருமான வரியில் கழிக்க இங்கே வழியில்லை, அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

சம்பளம் வந்த அன்றே 600 தனிக் கணக்குக்குப் போகட்டும். ஸ்டாக்வெல்லோ (இந்த ஊர்ச் சீட்டு) நம் சீட்டோ போடுகிறவர்கள் உங்கள் முறை ஜூனில் வருமாறு கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் ஜனவரியில் தொடங்கினால் ஜூன் கடைசியில் கையில் 3,600தான் இருக்கும், ஜூலையில் எட்டு நாள் கேம்ப் போட்டால் அதற்கே 3,680 ஆகிவிடுகிறது. அதனால் போனஸ் வந்த கையோடு 1,000 ரேண்டை முதலில் அந்தக் கணக்கில் போட்டேன். டிசம்பர் சம்பளம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிடும், அடுத்தது ஜனவரிக் கடைசியில்தான் என்பதால், அந்த 1,000 கண்ணில் படாமல் இருப்பது நல்லது. என்னுடையது என் அக்கா பெயரில் இருக்கிறது, கேட்டால் தரமாட்டாள்.