பக்கேஜ் பில்டில் நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

போன கிழமை கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு தம்பி லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். ஜிசிசி என்ற சி மொழிக் கொம்பைலரின் 14ஆம் பதிப்பில் பில்ட் ஆகாத, அதாவது ஓடும் புரோகிராமாக மாறாத, பழைய சி பக்கேஜ். "ஒரு ஃபிளாக் போட்டனான் அண்ணை, எர்ரர் போயிட்டுது" என்றான். எனக்குப் பகீரென்றது.

செமிகோலன் விடுபட்டால் கொம்பைலரே சொல்லும். அதை விடுவோம்.

எர்ரரை ஃபிளாக்கால் அடக்குவது

என்ன தரும் என்று முன்கூட்டியே அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடக்கூடாது என்று சி மொழித் தரம் 1999இலேயே சொல்லிவிட்டது. ஜிசிசி அதை வெறும் வோர்னிங்காக விட்டுவைத்து, 2024இல் வந்த 14ஆம் பதிப்பில்தான் எர்ரராக்கியது. கொம்பைலருக்குக் கொடுக்கும் தெரிவான பெர்மிஸிவ் ஃபிளாக்கைப் போட்டால் அது திரும்ப வோர்னிங்காகிவிடும். பிழை மட்டும் உள்ளே அப்படியே கிடக்கும்.

முன்பு நான் பில்ட் கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் எல்லா வோர்னிங்கையும் அடக்கி வைத்திருந்தேன். கமக்காரர் அமைப்பு ஒன்றுக்கு எழுதிய நெல் கணக்கு புரோகிராம், 32 பிட் மெஷினில் ஒரு வருசம் ஒழுங்காக ஓடியது. காலபோக அறுவடை நேரம் 64 பிட் மெஷின் வாங்கினார்கள். அதில் பில்ட் செய்து கொடுத்தேன். முதல் பெயரைப் பதிந்ததுமே விழுந்தது. மூட்டைகள் தராசில் நிற்க, மூன்று நாள் கொப்பியில் கணக்கு எழுதினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

பிழை தேடும் டீபக்கரில் பார்த்தால், எழுத்துகளைப் பிரதியெடுக்கும் ஸ்டர்டப் ஃபங்ஷன் தந்த மெமரி முகவரியின் பின்பாதிதான் சரி. முன்பாதி முழுக்க எஃப் எழுத்துகள். சி99 என்ற அந்த 1999 தரத்தைக் கண்டிப்பாகக் கேட்டிருந்தேன். ஸ்டர்டப் அதில் இல்லாத, யுனிக்ஸ் வகைச் சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் ஃபங்ஷன் என்பதால், அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் ஃபைல் அதன் அறிவிப்பை மறைத்துவிட்டது. கொம்பைலர் அது இன்ட், அதாவது முழு எண், தருவதாக எடுத்துக்கொண்டது. 32 பிட்டில் இன்டும் முகவரியை வைக்கும் பாயின்டரும் 4 பைட், தப்பினேன். 64 பிட்டில் பாயின்டர் 8 பைட், பாதி வெட்டுப்பட்டது.

திருத்தம் ஒரே வரிதான்: முதல் இன்குளூட் வரிக்கு மேலே, போசிக்ஸ் ஃபங்ஷன்களையும் காட்டச் சொல்லும் போசிக்ஸ் 200809 மேக்ரோ. இல்லாவிட்டால் சி99க்குப் பதில், அவற்றை மறைக்காத குனு99 என்று போடுங்கள்.

வோர்னிங்கை எர்ரராக்கி வெளியிடுவது

வோர்னிங்கை எர்ரராக்கும் ஃபிளாக் உங்கள் மெஷினோடு நிற்கட்டும், வெளியிடும் பக்கேஜில் வேண்டாம்.

சார் வகையை நம்புவது

ஓர் எழுத்தை வைக்கும் வெறும் சார் வகை இன்டெல் லினக்ஸில் மைனஸ் எண்ணைத் தாங்கும், ரஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் தாங்காது. ஃபைல் முடிவைச் சொல்லும் மைனஸ் 1ஐச் சாரில் வாங்கினால் அங்கே லூப் நிற்கவே நிற்காது. இன்டில் வாங்குங்கள்.

திருத்தத்தை (பட்ச்) தன்னோடு வைத்திருப்பது

தம்பியின் கோடிலும் அதே ஸ்டர்டப்தான். ஃபிளாக்கை அழித்து, அந்தப் போசிக்ஸ் மேக்ரோ வரியைச் சேர்த்தோம். சரி, பில்ட் ஆகிவிட்டது என்று லப்டொப்பை மூடப்போனான். மூடவிடவில்லை, பக்கேஜை எழுதியவருக்குப் பட்சை அனுப்பிய பிறகுதான் எழும்பினோம்.