ஜப்பானில் ஹிட்லரைத் தேடாதீர்கள்

ஜப்பானிய வலதுசாரி அரசியலைப் பற்றி எழுதுபவர்கள் முதலில் சறுக்கும் இடம், இரண்டாம் உலகப் போர்க்காலத் தளபதி டோஜோ. அவரை ஜப்பானின் ஹிட்லர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். ஆனால் ஹிடெகி டோஜோவுக்குச் சொந்தக் கட்சியும் இல்லை, தெருப்படையும் இல்லை. 1941 அக்டோபரில் பேரரசர் நியமித்த பிரதமர் அவர். 1944 ஜூலையில் பசிபிக்கின் சைப்பான் தீவு அமெரிக்காவிடம் போனதும், மூத்த அரசியல்வாதிகள் நெருக்க, பதவி விலகினார். ஹிட்லரை அப்படி வீட்டுக்கு அனுப்ப யாரால் முடிந்தது? கறுப்புச் சட்டைப் படையோடு, முசோலினியையும் ஹிட்லரையும் நேரில் பார்த்துவிட்டு வந்த ஒருவர் அங்கே இருக்கத்தான் செய்தார்: செய்கோ நகானோ. டோஜோவை எதிர்த்துக் கைதான அவர், 1943 அக்டோபரில் வெளியே வந்த கையோடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார்.

சரி, அப்படியென்றால் அங்கே பாசிசமே இல்லை என்பார்கள். இது எதிர்த்திசைத் தவறு. மசாவோ மருயாமா என்ற அறிஞர் இதை 'மேலிருந்து வந்த பாசிசம்' என்றார்; அதாவது, மக்கள் இயக்கமாக எழாமல் அரசின் மேல்மட்டத்திலிருந்து இறங்கியது. அந்தச் சொல் பொருந்துமா என்ற வழக்கு வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் முடியவில்லை. நடந்தது என்னவோ தெளிவு. 1940இல் கட்சிகள் தாங்களாகவே கலைந்தன. 1942 தேர்தலில் 466 இடங்களில் 381 அரசு பரிந்துரைத்தவர்களுக்குப் போயின. தேர்தல் நின்றுபோகவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லாப் பழியையும் ராணுவத்தின் தலையில் போடுவதும் சரியல்ல. 25 வயது கடந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்த அதே 1925இல்தான், ஆட்சிமுறையை மாற்றவோ தனியுடைமையை ஒழிக்கவோ அமைப்பு கட்டுவதைக் குற்றமாக்கிய 'அமைதிப் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. இரண்டையும் கொண்டுவந்தது கட்சி அரசுதான். தண்டனை முதலில் 10 ஆண்டு, 1928இல் மரணம் வரை உயர்ந்தது.

அப்புறம் 1936 பிப்ரவரி 26. இளம் அதிகாரிகள் சுமார் 1,400 வீரர்களோடு டோக்கியோவின் நடுப்பகுதியைப் பிடித்து, நிதியமைச்சர் தகஹாஷியைக் கொன்றார்கள். இதோடு பாசிசம் வென்றது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் கலகம் தோற்றது. யாருடைய பெயரால் எழுந்தார்களோ, அந்தப் பேரரசரே அடக்கச் சொன்னார். அவர்களின் சித்தாந்த குருவான இக்கி கிதாவை 1937இல் சுட்டுக் கொன்றார்கள். லாபம் அடைந்தது கலகத்தை அடக்கிய ராணுவத் தலைமை. ராணுவ அமைச்சர் பணியிலிருக்கும் தளபதியாகவே இருக்க வேண்டும் என்ற பழைய விதி 1936 மே மாதமே திரும்ப வந்தது. பிறகென்ன, பிடிக்காத அமைச்சரவைக்கு ஆள் தர மறுத்தால் போதும், அது கவிழும். துப்பாக்கியே தேவையில்லை.

நம்மவர்களுக்கென்று ஒரு தவறும் உண்டு. நேதாஜி மீதுள்ள பற்றில் 'ஆசியா ஆசியர்களுக்கே' என்ற ஜப்பானின் முழக்கத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். போர்க்காலத்தில் ஜப்பான் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் செத்தவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

கடைசியாக, 1945இல் கதை முடிந்துவிட்டது என்ற நினைப்பு. டோஜோவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சராக இருந்து போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட நொபுசுகே கிஷி, போர்க்குற்றச் சந்தேகத்தில் சுகாமோ சிறையில் இருந்தார். வழக்கு இல்லாமலே 1948இல் விடுதலையானார். 1957இல் பிரதமர். 1960 ஜனவரியில் வாஷிங்டன் போய் அமெரிக்காவுடன் புதிய பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அவர்தான்.