பழைய ஜிப்ஸி, ஜீப்பில் சீட் மாற்றப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மாருதி ஜிப்ஸியோ மஹிந்திரா ஜீப்போ வாங்கியவர்கள் என்ஜின், டயருக்கு அடுத்தபடியாகக் கை வைப்பது சீட்டில்தான். அதில் தப்பில்லை. ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் விறைப்பான லீஃப் ஸ்பிரிங் (இரும்புப் பட்டைகளை அடுக்கியது); ஸ்பாஞ்ச் அமுங்கிப்போன சீட்டோடு ஒரு மலை ஏறி இறங்கினால் மறுநாள் இடுப்பு பேசும். ஆனால் இந்த வேலையில் காசு வீணாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: சீட்டை மேலிருந்து மட்டும் பார்த்து முடிவெடுப்பது. கிழிந்த ரெக்ஸின் கண்ணில் படுகிறது. அதற்குக் கீழே இருக்கும் ஃபிரேம், சீட் முன்னும் பின்னும் நகரும் ரெயில், தரைத் தகடு எதுவும் படுவதில்லை.

எது கெட்டது என்று தெரியாமலே குஷன் கடைக்குப் போவது முதல் தவறு. டிரைவர் சீட் ஒரே சீராகத் தேயாது. நம் ஊர் வண்டியில் வலது பக்கமாக ஏறி இறங்குவதால், சீட்டின் வலது விளிம்பில்தான் தினமும் உடம்பு உரசும். அங்கே ஸ்பாஞ்ச் முதலில் உட்கார்ந்துவிடும். ஓட்டுபவர் தனக்கே தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருப்பார். இது ஸ்பாஞ்ச் மாற்றினால் தீரும் வேலை. சீட்டே முன்னும் பின்னும் ஆடினால் கதை வேறு. முதுகுச் சாய்வைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேல்பாதி மட்டும் ஆடினால் சாய்வுப் பூட்டின் பல் தேய்ந்திருக்கிறது. அடிப்பாகமும் சேர்ந்து ஆடினால் ரெயிலோ போல்ட்டோ காரணம். சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, ஃபிரேம் குழாய் வளையும் இடங்களிலும் வெல்டிங் ஓரங்களிலும் கம்பி பிரஷ் போட்டால் மயிரிழை விரிசல் இருந்தால் தெரிந்துவிடும். விரிசல் விட்ட ஃபிரேமுக்கு மேல் புது ரெக்ஸின் தைப்பது தண்டச் செலவு.

சீட் வெளியே இருக்கும்போதே ரப்பர் மேட்டையும் தூக்கிவிடுங்கள். சாஃப்ட் டாப் (துணிக் கூரை) வண்டியில் மழைத் தண்ணீர் கடைசியாகப் போய்த் தங்கும் இடம் அதுதான். போல்ட் இறங்கும் இடத்தைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். நல்ல தகடு ணங் என்று கேட்கும். துருப்பிடித்தது பொத்தென்று உள்வாங்கும். உள்வாங்கினால் சீட் வேலையை நிறுத்திவிட்டு டிங்கரைப் பாருங்கள். துருவுக்கு மேல் பெரிய வாசர் போட்டு முறுக்கித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இனி, வேறு கார் சீட்டுக்கு ஆசைப்படுவது. சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் உடைத்த கார்களின் சீட் நல்ல நிலையிலேயே கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கி வந்து போட்டால், தலை கூரையைத் தொடும், தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும். காரின் ரெயிலும் அடிச்சட்டமும் அந்தக் காரின் தரைக்கு ஏற்ப அமைந்தவை. ஜிப்ஸியின் தரைக்கு ஏற்பக் கீழே ஒரு சட்டம் கொடுத்தாக வேண்டும், அதனால் உயரம் கூடிவிடும். வாங்கும் முன் பழைய சீட்டில் நீங்களே உட்கார்ந்து, பிருஷ்டம் அழுந்திய நிலையில் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தலைக்கு மேல் எவ்வளவு இடம் என்று டேப் வைத்து அளந்து கொள்ளுங்கள். ஆள் உட்காராத சீட்டை அளந்து பயனில்லை.

அகலத்தையும் மறக்கக் கூடாது. இந்த வண்டிகளில் இரண்டு சீட்டுக்கும் நடுவே கியர் லீவர், ஹேண்ட் பிரேக், ஃபோர் வீல் டிரைவ் லீவர் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பக்கவாட்டில் புடைத்த சீட் போட்டால் சாலையில் ஒன்றும் தெரியாது. சேற்றில் மாட்டி 4எல் (ஃபோர் வீல் டிரைவின் குறைந்த வேக நிலை) போடப் போகும்போதுதான் லீவர் சீட்டில் முட்டி நிற்கும். கடையை விட்டு வெளியே வரும் முன், சீட்டை முழுக்க முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை எல்லா லீவரையும் எல்லா நிலையிலும் போட்டுப் பாருங்கள்.

துளையும் வெல்டிங்கும் ஆபத்தான இடம். பழைய அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த சி.ஜே.3பி வகை ஜீப்புகளில் பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அங்கே டேங்கைக் கழற்றாமல் வெல்டிங் குச்சியைக் கொண்டு போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். காலி டேங்க் என்று யாராவது தைரியம் சொன்னால் கேட்காதீர்கள். காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கை விட மோசம். டேங்க் வேறு இடத்தில் இருக்கும் வண்டியிலும் டிரில் போடும் முன் அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் தரைக்குக் கீழேதான் ஓடுகின்றன.

போல்ட் விஷயத்தில் பத்து ரூபாய் மிச்சம் பார்ப்பவர்கள் உண்டு. போல்ட்டின் தலையில் 8.8 என்று (அதன் வலிமைத் தரம்) பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதற்கும் கீழான சாதா போல்ட் கேட் செய்யத்தான் லாயக்கு. சீட் பெல்ட் போல்ட் தனி ரகம்: பெரும்பாலான கார்களில், ஜப்பான் வழி வந்தவற்றில்கூட, அது 7/16 அங்குல யு.என்.எஃப். மரை, அதாவது அங்குல அளவிலான நெருக்கமான மரை. கைக்குக் கிடைத்த மில்லிமீட்டர் போல்ட்டை அதில் ஏற்றினால் இரண்டு சுற்று போய் இறுகும். இறுகிவிட்டது என்று நினைப்போம், உள்ளே மரை அழிந்திருக்கும்.

பெல்ட் பூட்டு சீட்டோடு சேர்ந்தே வரும் கார்கள் உண்டு. புது மாடல் சீட்டின் அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தொங்கினால் அதில் ஏர்பேகோ பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் வெடிமருந்துக் கருவியோ இருக்கிறது என்று பொருள். அதில் மீட்டர் வைத்துச் சோதிப்பதோ, ஒயரை வெட்டி முறுக்கி விடுவதோ கூடாது. நம் பழைய வண்டியில் அது வேலையும் செய்யாது. அப்படிப்பட்ட சீட்டை வாங்காமல் இருப்பதே நல்லது.

பின் சீட்டுக்கு வருவோம். பக்கவாட்டில் எதிரெதிரே உட்காரும் பெஞ்சை எடுத்துவிட்டு முன்னோக்கிய சீட் போடுவது இப்போது பலரும் செய்யும் வேலை. குழந்தைகளை ஏற்றிச் செல்பவர்களுக்கு நல்ல யோசனைதான், பெல்ட் சரியாகப் பொருத்தினால். மெல்லிய தகட்டில் துளை போட்டு பெல்ட்டை மாட்டினால் மோதலில் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். சேசிஸோடு இணைந்த கனமான இடத்திலோ, அடியில் நல்ல கனத்தில் தகடு கொடுத்தோதான் மாட்ட வேண்டும். பலரும் யோசிக்காத இன்னொன்று, ஏறுவது எப்படி என்பது. பின்கதவு வழியாக ஏறிக்கொண்டிருந்தவர்கள் இனி முன்கதவு வழியாகத்தான் வர முடியும். நான்கு கதவுக் காரிலிருந்து எடுத்த முன் சீட், ஆள் பின்னால் நுழையும்படி மடங்கி நகராது. முன்னே அந்த சீட், பின்னே இந்த சீட் என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் பின்னால் இருப்பவர் அவசரத்துக்கு வெளியே வர வழியே இருக்காது.

சட்டத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. அதே எண்ணிக்கையில் சீட்டைப் புதுப்பிப்பது வேறு. இருக்கை எண்ணிக்கை மாறுவது வேறு. பெஞ்சை எடுக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது கேட்கப் போகிற கேள்வியை முன்பே கேட்டுக்கொள்வது எளிது.

ஸ்பாஞ்ச் தேர்வில் மெத்துமெத்தென்று கேட்டு ஏமாறாதீர்கள். கடையில் இரண்டு நிமிடம் சுகமாக இருக்கும் ஸ்பாஞ்ச், கல் ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அடிச்சட்டம் வரை அமுங்கிவிடும். உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டி கேளுங்கள். முதுகுக்கு அதைவிட இளக்கமானது போதும். கூரை திறந்த வண்டியில் மேலே வாட்டர் ப்ரூஃப் ரெக்ஸின் போட்டாலும் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியேற அடியில் வழி விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஸ்பாஞ்ச் நாறும், ஃபிரேம் துருவேறும். கறுப்பு ரெக்ஸின் வெயிலில் நிறுத்தினால் தொடையைச் சுடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எல்லோரும் கறுப்பே கேட்கிறார்கள்.

மாட்டும்போது நான்கு போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். ஒன்றை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ரெயில் கோணிக்கொள்ளும். பிறகு சீட்டை முழுக்கப் பின்னே தள்ளி முன் போல்ட்டுகளையும், முன்னே இழுத்துப் பின் போல்ட்டுகளையும் இறுக்குங்கள். இரண்டு பக்க ரெயிலும் ஒரே நேரத்தில் 'டக்'கென்று பூட்டுகிறதா என்று குனிந்து பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூட்டினால் பிரேக் பிடிக்கும்போது சீட் திருகும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்க வேண்டும்.

கழற்றிய பழைய சீட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிப்ஸியின் ஒரிஜினல் ஃபிரேமும் ரெயிலும் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். நாளை நீங்களே வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தாலும் அதுதான் கை கொடுக்கும். துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்து, ஈரம் படாத இடத்தில் போட்டு வையுங்கள்.