பிள்ளைகளுக்கு நன்றியுணர்வைப் பழக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

ஊரிலிருந்து வந்த அத்தை ஒரு பென்சில் டப்பாவை நீட்டுகிறார். பிள்ளை அதைத் திறந்து பார்ப்பதற்குள் "தேங்க்ஸ் சொல்லு" என்று நாம் முந்திக்கொள்கிறோம். அதுவும் தரையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுக்கிறது. மரியாதை பழக வேண்டியதுதான். ஆனால் சொல்ல வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். முதலில் டப்பாவைத் திறக்க விடுங்கள். அப்புறம் ஆற அமர, "உனக்கு மஞ்சள் பிடிக்கும்னு அத்தைக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேளுங்கள். அமெரிக்காவில் உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோ குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் யோசிக்கப் பழக்கினார்கள்: உதவியவர் நமக்காக நினைத்துச் செய்தாரா, அதில் அவருக்கு என்ன சிரமம், நமக்கு என்ன பயன். அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாக நன்றிக் கடிதம் எழுதினார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமலே.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது செய்ததைச் சொல்லிக்காட்டுவது. மார்க் குறைந்த அன்று, "உனக்காக எவ்வளவு கஷ்டப்படறேன், ஃபீஸ் எவ்வளவு கட்டறேன் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவோம். பிள்ளைக்கு அது கடன் கணக்காகத்தான் கேட்கும். கடன் கொடுத்தவரைக் கண்டால் ஒதுங்கத்தான் தோன்றும், அன்பு எப்படி வரும்? நம் உழைப்பு பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதைக் கோபம் இல்லாத ஒரு நாளில், வேலையில் சேர்த்துக்கொண்டே தெரியப்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை சட்னிக்குப் பத்து வயதுப் பிள்ளையைத் தேங்காய் துருவச் சொல்லுங்கள். அரை மூடி முடிவதற்குள் கை வலிக்கும். தினமும் காலையில் இதைச் செய்வது யார் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

தட்டில் சோற்றை மிச்சம் வைத்தால் "சாப்பாடு இல்லாம எத்தனை பிள்ளைங்க இருக்காங்க" என்பதும் அந்த வகைதான். இன்னொருவரின் வறுமையைப் பார்த்து நிம்மதி அடையப் பிள்ளை பழகிவிடும். கத்திரிக்காய் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும். சமைத்தவர் மேல் அன்பு இருக்கிற பிள்ளைக்கும் சில காய் பிடிக்காது.

தினமும் ஐந்து நன்றிகள் எழுதும் நோட்டு சில வீடுகளில் உண்டு. நான்காம் நாளே "அம்மா, அப்பா, சாப்பாடு" என்று ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கி பெரியவர்களிடம் செய்த ஆய்வில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குத்தான் பலன் இருந்தது. மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. வாரத்துக்கு ஒரே ஒரு விஷயத்தை விவரமாகப் பேசினாலே போதும்.

பள்ளிகளில் நன்றி எப்போதும் மேடையை நோக்கியே போகிறது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, கைதட்டல். வகுப்பறையைப் பெருக்கும் ஆயாவின் பெயர் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அந்த அக்காவை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, எத்தனை மணிக்கு அடுப்பைப் பற்றவைக்கிறார் என்று பிள்ளைகளே கேட்கட்டும். அதற்குப் பிறகு யாராவது அவருக்குக் கடிதம் எழுத விரும்பினால் எழுதட்டும். அதைப் போட்டியாக்கி மதிப்பெண் போட வேண்டாம். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தாமல், அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.