தலை தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்ற கொஞ்சம் வால்வ் பேஸ்ட்

பைக் என்ஜின் கவர் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால், அதன் நுனியில் வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் (என்ஜின் வால்வைத் தேய்த்துப் பொருத்தப் பயன்படும் பசை) கொஞ்சம் தடவுங்கள். குழிக்குள் நேராக வைத்து, பின்பக்கம் சுத்தியலால் நறுக்கென்று இரண்டு தட்டு தட்டுங்கள். அப்புறம் உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்தியபடியே மெதுவாகத் திருப்புங்கள்.

பேஸ்ட்டில் உள்ள சொரசொரப்பான தூள் இரும்பைக் கவ்விக்கொள்ளும். ஆனால் முக்கியமானது அந்தத் தட்டுதான். இலங்கை மலையகத்தில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து மழையிலும் பனிமூட்டத்திலும் வண்டி நனைந்துகொண்டே இருப்பதால், இரும்பு ஸ்க்ரூ அலுமினியக் கவரோடு அரித்து இறுகிவிடும். தட்டும் அதிர்ச்சியில் அந்தப் பிடி விடும். ஜப்பான் வண்டி ஸ்க்ரூவின் தலையில் சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ் (ஜப்பான் தொழில்துறைத் தரம்) வகை. சாதாரண பிலிப்ஸ் (கூட்டல் குறி வடிவ நுனி) டிரைவர் அதில் அடிவரை உட்காராது, தலை தேய்வதும் பெரும்பாலும் அதனால்தான். அதற்குரிய டிரைவர் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

குழியே தெரியாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் இது பலிக்காது. உளியைத் தலையின் ஓரத்தில் சாய்த்து, கழலும் பக்கமாகத் தட்ட வேண்டும். பிரேக் ஆயில் டப்பா மூடியில் மட்டும் சுத்தியலைத் தொடவே வேண்டாம், டப்பா விரிசல் விட்டுவிடும். கவரைத் திறக்குமுன் பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடையுங்கள். என்ஜினுக்குள் போனால் பெயாரிங்கையும் அரைத்துவிடும்.