விபிஎன் பச்சை காட்டுகிறது, டேலி மட்டும் திறக்கவில்லை: எங்கே பார்ப்பது?

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் கம்பெனிக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே கணக்கு பார்க்கும் அக்கா போன் செய்தால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்: "தம்பி, விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சு, டேலி வரமாட்டேங்குது." விபிஎன் என்றால் வீட்டு லேப்டாப்பை இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கில் சேர்க்கும் பாதுகாப்பான பாதை, டேலி கணக்கு மென்பொருள்.

உடனே ஃபயர்வாலை (எதை உள்ளே விடுவது என்று பார்க்கும் நெட்வொர்க் காவலை) ஆஃப் செய்து பார்க்காதீர்கள், தயவுசெய்து. பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

கனெக்ட்டே ஆகவில்லை என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஒரு முறை முயலுங்கள். அதில் வந்தால் கோளாறு வீட்டு லைனில்தான். விபிஎன் வகை ஐபிசெக் என்றால் யுடிபி போர்ட் 500, 4500 இரண்டும் திறந்திருக்க வேண்டும், ஓபன்விபிஎன் வழக்கமாக யுடிபி 1194. இன்னொரு வகையான வயர்கார்டில் ஆக்டிவ் என்று காட்டுவதை நம்பாதீர்கள், கடைசி ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் ஒன்றையொன்று உறுதிசெய்துகொள்வது) எப்போது நடந்தது என்று பாருங்கள்.

கனெக்ட் ஆகியும் எதுவும் திறக்கவில்லையா? வீட்டு ரவுட்டரும் 192.168.1, ஆபீசும் 192.168.1 என்று இருந்தால், 192.168.1.10 சர்வரை லேப்டாப் வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அவசரத்துக்கு வீட்டு ரவுட்டரை 192.168.57 என்று மாற்றலாம், ஆனால் நாளைக்கு இன்னொருவர் வீட்டிலும் இதே கதை வரும், அதனால் ஆபீஸ் பக்கம் மாற்றுவதுதான் சரி.

பிங் (சர்வர் பதில் சொல்கிறதா என்ற சோதனை) போகிறது, பெரிய ஃபைல் மட்டும் பாதியில் தொங்குகிறது என்றால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. பாக்கெட்டை உடைக்காதே என்ற தேர்வோடு, விபிஎன் டனல் வழியாக 1472 பைட்டில் பிங் செய்து, பதில் வரும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். 1372-இல் வந்தால் பாக்கெட்டின் தலைப்புப் பகுதிக்கு 28 கூட்டி எம்டியூ 1400, அதில் தலைப்புகளுக்கு 40 கழித்து ஃபயர்வாலில் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் தரவுக்கு மட்டும் உள்ள அளவு) 1360 என்று போடுங்கள்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா, ஆபீஸ் ஃபயர்வாலில் பாக்கெட் கேப்சர் (கடந்து போகும் பாக்கெட்டுகளைப் பதிவு செய்வது) போடுங்கள். அக்கா விஷயத்தில் நான் அப்படித்தான் பார்த்தேன். அந்த அக்காவின் லேப்டாப்பிலிருந்து 445 போர்ட்டுக்கு (ஃபைல் ஷேரிங்குக்கான எண்) பாக்கெட் வந்தது, ஆபீஸ் லேன் பக்கம் வெளியேயும் போனது, சர்வரிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. ஃபயர்வால் ரூலில் எந்தத் தப்பும் இல்லை! சர்வரில் இருக்கும் விண்டோஸின் சொந்த ஃபயர்வால், பிரைவேட் ப்ரொஃபைலில் ஃபைல் ஷேரிங்கை லோக்கல் சப்நெட்டுக்கு (சர்வர் இருக்கும் அதே முகவரி வரிசைக்கு) மட்டும்தான் அனுமதிக்கும். விபிஎன்னில் வந்தவருக்கோ 10.8.0 வரிசையில் முகவரி. ஃபைல் ஷேரிங் ரூலைத் திறந்து, ஸ்கோப்பில் (யாருக்கு அனுமதி என்ற பட்டியலில்) அந்த 10.8.0 வரிசையையும் சேர்த்தேன், அடுத்த நிமிடமே டேலி திறந்தது.