பழைய டிராக்டரில் டெம்பரேச்சர் மீட்டர் முள் அசையவில்லையா? நீங்களே மாற்றிவிடலாம்

பழைய டிராக்டரில் மற்றதெல்லாம் நன்றாக ஓடும், டெம்பரேச்சர் முள் மட்டும் குளிர்ந்த பக்கத்திலேயே படுத்துக்கிடக்கும். "வண்டிதான் ஓடுதே" என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். தண்ணீர் ஒழுகி எஞ்சின் கொதிக்கும்போது முன்கூட்டிச் சொல்ல அந்த முள்ளை விட்டால் வேறு ஆளில்லை, ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் ஹெட்டுக்குக் கீழே உள்ள சீல்) போன பிறகு ஆவி வந்து சொல்வதால் பயனும் இல்லை.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். மீட்டரின் பின்பக்கம் ஒயர் வந்தால் அது மின்சார வகை, அதற்கு வேலை வேறு. ஸ்பிரிங் சுற்றிய மெல்லிய செம்புக் குழாய் ஒன்று கிளம்பி எஞ்சின் வரை போனால், அதுதான் நாம் இங்கே பேசும் மெக்கானிக்கல் வகை.

இது பேட்டரி இல்லாமல் வேலை செய்யும். குழாயின் எஞ்சின் பக்க நுனியில் விரல் போல ஒரு செம்பு அல்லது பித்தளை பல்பு இருக்கும், அதற்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம், பெரும்பாலும் ஈதர். சூடு ஏற ஏற உள்ளே ஆவி அழுத்தம் கூடும், அந்த அழுத்தம் மீட்டருக்குள் வளைந்திருக்கும் போர்டன் குழாயை நிமிர்த்தும், முள் நகரும். ஆக, பல்பு, குழாய், மீட்டர் மூன்றும் சேர்ந்து ஒரே மூடிய பொருள். குழாயில் எங்கே விரிசல் விட்டாலும் மொத்தமும் போச்சு.

புதிது வாங்குவதற்கு முன் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும், சூட்டில் திறந்தால் முகமே வெந்துவிடும். தண்ணீர் பல்பு வரை எட்டாவிட்டால் நல்ல மீட்டரும் குறைவாகத்தான் காட்டும்.

தண்ணீர் சரியாக இருந்தால், பல்பு இருக்கும் மட்டத்துக்குக் கீழே இறங்கும் அளவு வடித்துவிடுங்கள். கூலண்ட் கலந்திருந்தால் பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள், அதன் இனிப்புக்கு நாய் நக்கினால் செத்தே போகும்.

அடுத்து பல்பைக் கழற்றுவது. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கூட்டின் அருகிலோ இருக்கும் அந்த நட்டைத் திருப்பும்போது துரு பிடித்திருந்தால் குழாயும் கூடவே முறுக்கிக்கொண்டு சுற்றும், ஒரு சுற்று போதும், குழாய் அறுந்துவிடும். அதனால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவையுங்கள், பிறகு ஒரு கையால் குழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் கொஞ்சம் இளக்கி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி இளக்கி, இப்படி முன்னும் பின்னுமாக எடுங்கள். நட் வந்த பிறகும் பல்பு சுண்ணாம்புப் படிவத்தில் ஒட்டியிருக்கலாம். குழாயைப் பிடித்து இழுக்காமல் பல்பின் கழுத்தை லேசாக ஆட்டுங்கள்.

பல்பைக் கொதிக்கும் தண்ணீரில் முழுக்க முக்கிப் பாருங்கள். முள் 100 டிகிரி செல்சியஸ் அருகே போனால் மீட்டர் நல்லது, பல்பில் ஏறிய படிவத்தைத் துடைத்துவிட்டு அதையே மாட்டுங்கள். (மலைப்பகுதியில் தண்ணீர் 100-க்குக் கீழேயே கொதிக்கும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.) அசையவே இல்லை என்றால் திரவம் போய்விட்டது என்று அர்த்தம். கைதேர்ந்தவர்கள் வேறொரு மீட்டரின் பல்பை ஐஸில் வைத்து, அதன் குழாயைப் பழைய மீட்டரின் குழாயோடு ஒட்டுப் போட்டுச் சரிசெய்வதுண்டு. ஈதர் சுமார் 35 டிகிரியிலேயே கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்கும், அதன் அருகில் சூடுவைத்துப் பற்றவைப்பது புதியவர்களுக்கு வேண்டாம். மாற்றிவிடுங்கள்.

புதிது வாங்கும்போது டேஷ்போர்டு ஓட்டையின் அளவு, பல்பின் நீளமும் தடிமனும், நட்டின் மரை, குழாயின் நீளம் இவை பொருந்த வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. குழாய் கூடுதல் நீளமாக இருந்தால் பரவாயில்லை, வெட்ட மட்டும் கூடாது.

மாட்டும்போது பல்பை டேஷ்போர்டு பக்கமிருந்து எஞ்சின் பக்கம் நுழையுங்கள். தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் போடாவிட்டால் அதிர்வில் குழாய் தேய்ந்து ஓட்டையாகும். மிச்சக் குழாயை அகலமான வளையங்களாகச் சுற்றிக் கிளாம்ப் போடுங்கள், சைலன்சர் மேனிஃபோல்டு, ஃபேன் பெல்ட் இரண்டுக்கும் எட்டாமல் வையுங்கள், எங்கேயும் மடக்கி ஒடிக்காதீர்கள். நட்டைக் கையாலேயே சில மரை ஏற்றிவிட்டு ஸ்பேனரை எடுங்கள். இடையில் அடாப்டர் வந்தால் ஹெட்டில் ஏறும் அதன் மரைக்கு மட்டும் சீல் டேப் சுற்றுங்கள், பல்பு உட்காரும் முகத்தில் எதுவும் வேண்டாம்.

அப்புறம் தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டு, முள் மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கிறதா, நட்டில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்கும், ஆகவே எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து குறைந்ததை நிரப்பிவிடுங்கள்.